குருதியும் கொழுப்பும்: ஒரு நோய்ப்பெயரின் வரலாறு

மொழியியல் கற்றவர் மருத்துவத்தைப் பற்றிப் பேச முன்வருவது முறையாகுமா என்னும் வினா எழக்கூடும். நாம் மருத்துவர் அல்லோம். நோய்க்கு மருந்து கூறுவது இக்கட்டுரையின் நோக்கமும் அன்று. எனினும் மருத்துவச் சோதனையின் முடிவு ஒருவரிடம் சொல்லப்படும்போது, அவர் முதலில் எதிர்கொள்வது எண்ணை அன்று, சொல்லையே. அச்சொல் எங்கிருந்து வந்தது, எவற்றைச் சுமந்து வந்தது என்று ஆராய்வது மொழியியலாரின் பணிக்கு உட்பட்டதே ஆகும்.

'இரத்தத்தில் கொழுப்பு கூடியிருக்கிறது' என்பது இன்று மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் நம்மவர் இல்லங்களில் அடிக்கடி கேட்கப்படும் தொடர். கொழுத்தல் என்னும் வினைக்குச் செழித்தல், வளம்பெறுதல், பருத்தல் எனப் பொருள்கள் உள்ளன. கொழுமை என்பது செழுமை. ஆனால் கொழுப்பு என்னும் பெயர்ச்சொல் பேச்சு வழக்கில் வேறொரு பாதையிலும் சென்றுள்ளது. 'உனக்குக் கொழுப்பு அதிகம்', 'வாய்க்கொழுப்பு', 'தின்று கொழுத்தவன்' ஆகிய வழக்குகளில் அது செருக்கையும் அடக்கமின்மையையும் குறிக்கிறது. ஆகவே மருத்துவர் கொழுப்பு என்றதும், கேட்பவர் காதில் நோயின் பெயரோடு வசையும் சேர்ந்து விழுகிறது. நமக்கு அண்டையிலுள்ள மலாய் மொழியை நோக்கினால் வேறுபாடு விளங்கும். அங்கு 'லெமாக்' என்னும் சொல் கொழுப்பையும் குறிக்கும். தேங்காய்ப்பால் சேர்ந்த சுவையையும் குறிக்கும். நாசி லெமாக் என்னும் உணவின் பெயரில் அச்சொல் நிற்பது பாராட்டாகவே. ஒரே பொருளுக்கு ஒரு மொழியில் சுவையும் மற்றொரு மொழியில் செருக்கும் துணைப்பொருளாக அமைந்துவிட்டன.

இத்துணைப்பொருள் மாணவர் சிரித்துவிட்டு நகரக்கூடிய வேடிக்கை அன்று. குருதிக் கொழுப்பு மிகுந்தவர் வரம்பின்றி உண்டவர் என்னும் முடிவு சொல்லோடு சேர்ந்தே வந்துவிடுகிறது. உண்ணும் உணவுக்கு இதில் பங்குண்டு. அதை யாரும் மறுக்க இயலாது. ஆனால் கடந்த 250 ஆண்டு மருத்துவ வரலாற்றைப் படிப்பவருக்கு வேறொன்றும் தெரியவரும். குருதியில் மிகும் கொழுப்பு பலவேளைகளில் உடலின் வேறொரு மூலையில், நாளமில்லாச் சுரப்பிகளிலோ வளர்சிதை மாற்றத்திலோ நேர்ந்த பிழையின் சான்றாக நிற்கிறது.

பாலாகத் தோன்றிய குருதி

ஐரோப்பிய மருத்துவர்கள் பல நோய்களுக்கும் குருதியை வடித்தெடுப்பதையே மருத்துவமாகக் கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. அம்முறையால் நோயாளிகள் அடைந்த கேடு பெரிது. ஆயினும் வடித்த குருதி கிண்ணத்தில் உறைந்து, மேலே தெளிநீர் பிரிவதை அவர்கள் நாள்தோறும் கண்டார்கள். சிலரது தெளிநீர் மட்டும் பால்போல் வெளுத்திருந்தது. இலண்டனில் வாழ்ந்த வில்லியம் ஹியூசன் 1770களில் இதனைக் கருத்தூன்றி ஆராய்ந்தார். ஸ்காட்லாந்தின் ராபர்ட் கிறிஸ்டிசன் 1830ஆம் ஆண்டு அவ்வெண்மைக்குக் காரணம் கொழுப்பே என்று காட்டினார். 1880இல் அமெரிக்க மருத்துவரான ஹெய்ல், நீரிழிவு நோயாளி ஒருவரின் விழித்திரையில் குருதிக் குழாய்கள் சிவப்பு நீங்கி வெளிறிக் கிடந்ததைப் பதிவு செய்தார். குருதியில் கொழுப்பு மிகுந்ததன் விளைவே அது. நீரிழிவுக்கும் குருதிக் கொழுப்புக்கும் தொடர்புண்டு என்பதற்குக் கண்ணால் கண்ட சான்று இவ்வாறு கிடைத்தது. கொலஸ்ட்ரால் என்னும் சொல் மக்கள் நாவில் புழங்குவதற்கு நெடுங்காலம் முன்னரே இது நிகழ்ந்தது என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

இங்கு ஓர் இடைக்குறிப்பு. பழந்தமிழில் குருதிக்கு 'நெய்த்தோர்' என்றொரு பெயர் உண்டு. நெய் என்னும் சொல்லுக்கே குருதி என்றும் கொழுப்பு என்றும் பொருள் தரும் அகராதிகள் உள்ளன. இதனைப் பிடித்துக்கொண்டு, குருதியில் கொழுப்பு ஓடுவதைச் சங்கத் தமிழர் அறிந்திருந்தனர் என்று மேடையில் முழங்குவோரை நாம் கேட்டதுண்டு. அது சொல்லாராய்ச்சி ஆகாது. குருதி கையில் பட்டால் வழுவழுப்பாகவும் பிசுபிசுப்பாகவும் இருக்கும்; நெய்யும் அத்தகையது. ஒப்புமையால் பிறந்த பெயர் என்று கொள்வதே தகும். மொழிக்குப் பெருமை சேர்க்க அத்தகைய சான்று தேவையுமில்லை.

பித்தக்கல்லிலிருந்து வந்த பெயர்

பிரெஞ்சு வேதியியலாரான செவ்ரல் 102 ஆண்டுகள் வாழ்ந்தவர். சவர்க்காரமும் மெழுகுவத்தியும் எவ்வாறு ஆகின்றன என்பதை ஆராய்ந்து கொழுப்பு வேதியியலுக்கு அடித்தளம் இட்டவர். பித்தப்பையில் உண்டாகும் கற்களில் மெழுகு போன்ற ஒரு பொருள் இருப்பது அவருக்கு முன்பே அறியப்பட்டிருந்தது. 1815இல் அவர் அதற்குக் கொலஸ்டரின் என்று பெயரிட்டார். கிரேக்கத்தில் 'கோலே' என்பது பித்தம். 'ஸ்டெரியோஸ்' என்பது திண்மை. திண்மப் பித்தம் என்பதே பெயரின் பொருள். அப்பொருள் வேதியியல் வகையில் ஆல்ககால் இனத்தது என்று 1859இல் பெர்த்தலோ காட்டிய பின்னர், ஈறு மாறிக் கொலஸ்ட்ரால் ஆயிற்று. உளச்சோர்வைக் குறிக்கும் மெலன்கோலியா என்னும் சொல்லிலும் இதே கோலே உண்டு; அது கரும்பித்தம்.

இப்பெயரில் இரண்டு செய்திகள் கருதத்தக்கன. முதலாவது, அப்பொருள் எங்குக் கண்டெடுக்கப்பட்டதோ அவ்விடமே பெயராயிற்று. அது செய்யும் பணி பெயரில் இல்லை. உடலின் ஒவ்வோர் உயிரணுவின் சவ்விலும் கொலஸ்ட்ரால் உண்டு. கார்ட்டிசால், ஈஸ்ட்ரோஜன், டெஸ்டாஸ்டிரோன் ஆகிய இயக்குநீர்களை உடல் ஆக்கிக்கொள்வது கொலஸ்ட்ராலைக் கொண்டுதான். சுரப்பிகளுக்கும் கொழுப்புக்கும் உள்ள உறவு இவ்வளவு நெருக்கமானது. இரண்டாவது, நாம் அடுப்பில் காய்ச்சும் எண்ணெய், நெய் ஆகியவற்றின் பெரும்பகுதி டிரைகிளிசரைடு என்னும் வேறு வகைப் பொருள். இவ்விரண்டையும் 'கொழுப்பு' என்னும் ஒரே சொல்லால் வழங்குவதால் பல மயக்கங்கள் விளைகின்றன. எண்ணெயே தொடாத தமக்கு எவ்வாறு கொலஸ்ட்ரால் மிகுந்தது என்று கேட்போரின் வியப்புக்கு இம்மயக்கமும் ஒரு காரணம். உடலுக்கு வேண்டிய கொலஸ்ட்ராலில் பெரும்பங்கை உடலே ஆக்கிக்கொள்கிறது.

உணவையே குற்றவாளியாக்கிய சோதனை என்று பலரும் சுட்டுவது 1913இல் உருசியாவில் நிகழ்ந்தது. அனிச்கோவ் என்பவர் கொலஸ்ட்ராலைச் சூரியகாந்தி எண்ணெயில் கரைத்து முயல்களுக்கு ஊட்டினார். முயல்களின் குருதியில் கொலஸ்ட்ரால் ஏறியது. தமனிகளின் சுவரில் படிந்தது. மாரடைப்புக்கு அடிப்படையான தமனித் தடிப்பைச் சோதனைச் சாலையில் உண்டாக்கிக் காட்டிய அருஞ்செயல் இது. ஆனால் நாய்க்கும் எலிக்கும் அதே உணவைக் கொடுத்தபோது முயலுக்கு நேர்ந்தது நேரவில்லை. அவ்வுயிர்களின் உடல் மிகுதியைச் சமாளித்துக்கொண்டது.

1946இல் ஸ்டெய்னர், கெண்டால் என்னும் இருவர் நாய்களிலும் தமனித் தடிப்பை உண்டாக்கினர். அவர்கள் செய்ததெல்லாம் ஒன்றுதான்: கொலஸ்ட்ராலோடு, தைராய்டுச் சுரப்பியின் பணியை ஒடுக்கும் தயோயுராசில் என்னும் மருந்தையும் சேர்த்துக் கொடுத்தனர். உணவு மட்டும் செய்ய இயலாததை, உணவும் சுரப்பிக் குறையும் சேர்ந்து செய்தன. நம் கருத்தில் இவ்வரலாற்றின் மையம் இச்சோதனையே. முயலின் கதை பொதுமக்கள் வரை வந்து சேர்ந்தது. நாயின் கதை ஆய்வேடுகளிலேயே தங்கிவிட்டது.

கேடயச் சுரப்பி

தைராய்டு என்னும் பெயருக்குக் கேடயம் போன்றது என்று பொருள். 1656இல் இலண்டன் மருத்துவர் வார்ட்டன் அதற்கு இப்பெயரைச் சூட்டியபோது, அது கழுத்துக்கு வடிவம் தருவதற்காக அமைந்தது என்றும் கருதினார். அதன் உண்மைப் பணி தெரிய மேலும் இரண்டு நூற்றாண்டுகள் ஆயின. 1873இல் வில்லியம் கல் என்பவர், நடுவயதுப் பெண்கள் சிலர் முகம் வீங்கி, பேச்சு மந்தமாகி, உடல் குளிர்ந்து, சோம்பிக் கிடக்கும் நிலையை விவரித்தார். 1878இல் ஆர்டு என்பவர் அதற்கு மிக்சிடீமா என்று பெயரிட்டார். 1891இல் நியூகாசல் நகரின் ஜார்ஜ் மர்ரே, ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசிவழிச் செலுத்தி, 46 வயதுப் பெண்மணி ஒருவரை மீட்டார். அவர் பின்னர் 74 வயது வரை வாழ்ந்தார். அவ்வளவு காலமும் அவருக்குச் சாறு தந்தவை 870க்கு மேற்பட்ட ஆடுகள் என்று மர்ரே கணக்கு எழுதியுள்ளார். நோயின் அறிகுறிகளை மீண்டும் படித்துப் பாருங்கள்: சோர்வு, மந்தம், பருமன். கொழுப்பு என்னும் சொல்லின் வசைப்பொருளை அறிந்த ஒருவர் இப்பெண்களைக் கண்டால் என்ன சொல்லியிருப்பார் என்பதை விளக்க வேண்டியதில்லை.

தைராய்டு குறைந்தால் குருதியில் கொலஸ்ட்ரால் ஏறுகிறது, தைராய்டு மிகுந்தால் இறங்குகிறது என்பதை 1930இல் மேசன், ஹண்ட், ஹர்க்ஸ்தால் ஆகிய மூவர் அளந்து காட்டினர். சுரப்புநீரை நேரடியாக அளக்க வழியில்லாத அக்காலத்தில், தைராய்டு குன்றியதை அறிய மருத்துவர்கள் கொலஸ்ட்ரால் அளவையே துணைச் சான்றாகக் கொண்டனர். அன்று கொலஸ்ட்ரால் சுரப்பியைக் காட்டும் கண்ணாடியாக இருந்தது. பின்னரே அது தனக்கெனப் பட்டியலும் மாத்திரையும் கொண்ட தனி நோயாயிற்று.

காரணம் பிறகு விளங்கியது. கொலஸ்ட்ரால் நீரில் கரையாது. குருதியில் அது கொழுமியப்புரதம் என்னும் ஊர்தியில் ஏறித்தான் செல்லும். 1973 முதல் டெக்சஸ் மாநிலத்தில் பிரவுன், கோல்ட்ஸ்டீன் இருவரும், எல்டிஎல் என்னும் ஊர்தியைப் பற்றி உள்ளே இழுத்துக்கொள்ளும் ஏற்பிகள் உயிரணுக்களின் மேல் இருப்பதைக் கண்டறிந்தனர். 1985இல் நோபெல் பரிசு பெற்றனர். அவர்கள் ஆராய்ந்தது, பிறவியிலேயே அவ்வேற்பிகள் குறைந்தும் இன்றியும் இருந்த குடும்பங்களின் உயிரணுக்களை. இரு பெற்றோரிடமிருந்தும் அக்குறையைப் பெற்ற குழந்தைகளுக்குப் பள்ளிப் பருவத்திலேயே மாரடைப்பு வருவதுண்டு. அக்குழந்தைகள் என்ன தின்று கொழுத்தார்கள்? கல்லீரலில் இவ்வேற்பிகள் போதிய அளவில் உண்டாகத் தைராய்டுச் சுரப்புநீர் வேண்டும். அது குன்றினால் ஏற்பிகள் குறையும். எல்டிஎல் குருதியிலேயே தங்கிவிடும்.

நம் உறவினருள் ஒருவர் பள்ளி ஆசிரியை. கொலஸ்ட்ரால் கூடியது என்றறிந்து இரண்டாண்டுகள் சோற்றைக் குறைத்தார், முட்டையை விலக்கினார், திருமண விருந்துகளுக்குச் செல்வதையும் நிறுத்தினார். எண் இறங்கவில்லை. 'ஒளிஞ்சு சாப்பிடுறியாடி?' என்று அவர் அக்காள் கேட்டது அவரைப் பெரிதும் வருத்தியது. பின்னர் புதிதாக வந்த இளம் மருத்துவர் ஒருவர் கேட்டது வேறு: 'டீச்சர், உங்களுக்கு ரொம்பக் குளிருதா?' தைராய்டுச் சோதனையில் விடை இருந்தது. கொலஸ்ட்ரால் மிகுதி புதிதாகத் தெரியவந்தவருக்குத் தைராய்டையும் நீரிழிவையும் சிறுநீரகத்தையும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது இன்று மருத்துவ நெறிகளில் இடம்பெற்றுள்ளது. கார்ட்டிசால் மிகும் குஷிங் நோயிலும் குருதிக் கொழுப்பு ஏறுவது உண்டு. அது அரிதாகையால் இங்கு விரிக்கவில்லை.

இனிப்புநீர்

நீரிழிவு என்னும் சொல்லில் இழிதல் என்பது இறங்குதல். நீர் இறங்கிக்கொண்டே இருக்கும் நோய் என்பது பொருள். கிரேக்கச் சொல்லான டயாபிடிசும் ஊடே கடந்து செல்லுதல் என்னும் கருத்திலேயே பிறந்தது. இந்நாட்டுத் தமிழர் வழங்கும் 'இனிப்புநீர்' என்பது மலாயில் 'கென்சிங் மானிஸ்' என வழங்குவதோடு ஒப்புநோக்கத் தக்கது. தமிழ்நாட்டில் சர்க்கரை நோய் என்பர். இலங்கையில் சீனி வருத்தம் என்பாருமுண்டு. இப்பெயர்கள் அனைத்தும் நீரையோ இனிப்பையோதான் சொல்கின்றன. கொழுப்பைச் சொல்லும் பெயர் ஒன்றுமில்லை. ஹெய்ல் கண்ட வெளிறிய விழித்திரை எந்த மொழியிலும் பெயராகவில்லை.

1922 சனவரியில் டொராண்டோ நகரில் இன்சுலின் முதன்முதலாக ஒரு நோயாளிக்குச் செலுத்தப்பட்டது. இன்சுலின் சர்க்கரைக்கு மட்டும் உரியதன்று. உடற்கொழுப்பு கட்டின்றிக் கரைந்து குருதியில் கலப்பதைத் தடுப்பதும் அதுவே. குருதியிலுள்ள டிரைகிளிசரைடை உடைத்து உள்ளிழுக்கத் துணைசெய்வதும் அதுவே. அது இல்லாதபோது குருதி பாலாவதன் காரணம் இதுதான்.

1936இல் இங்கிலாந்தின் ஹிம்ஸ்வொர்த், இன்சுலினுக்கு உடல் இணங்கும் நீரிழிவு, இணங்காத நீரிழிவு என இரண்டைப் பிரித்தறிந்தார். 1947இல் மார்செய் நகரின் ஷான் வாக், பருமன் உடலின் எப்பகுதியில் உள்ளது என்பதே முதன்மையானது என்றார். இடையிலும் மேலுடலிலும் சேரும் கொழுப்பே நீரிழிவோடு கூடிவருவது. 1960இல் ரோசலின் யாலோவும் பெர்சனும் குருதியிலுள்ள இன்சுலினை அளக்கும் முறையை வெளியிட்டனர். முதிர்வயதில் நீரிழிவு கண்டோர் பலருக்கு இன்சுலின் குறையவில்லை, மிகுந்தே இருந்தது என்பது தெரியவந்தது. 1988இல் ஜெரால்டு ரீவன் இவற்றை ஒன்றாகக் கட்டினார்: இன்சுலினுக்கு இணங்காமை, குருதி அழுத்தம், டிரைகிளிசரைடு மிகுதி, எச்டிஎல் குறைவு. பெயரறியா அத்தொகுதிக்கு அவர் இட்ட பெயர் 'சிண்ட்ரோம் எக்ஸ்'. பருமனை அவர் அதில் சேர்க்கவில்லை என்பது நோக்கத்தக்கது. பருமனில்லாதோரிடமும் இத்தொகுதி உண்டு என்பது அவர் கருத்து. பின்னர் வந்தோர் இடைச்சுற்றளவைச் சேர்த்தனர். பெயரும் வளர்சிதை மாற்ற நோய்த்தொகுதி ஆயிற்று. வளர்வதும் சிதைவதுமாகிய இரண்டையும் ஒரே தொடரில் அடக்கிய 'வளர்சிதை மாற்றம்' என்னும் கலைச்சொல் தமிழின் நல்லாக்கங்களுள் ஒன்று என்பதைச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை.

நம் மண்ணில்

இவ்வரலாற்றில் நமக்கும் ஒரு பக்கம் உண்டு. பின்னாளில் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவப் புலத்தின் முதல் தலைவராக விளங்கிய பேராசிரியர் தனராஜும் உடன் ஆய்வாளரும், சிங்கப்பூரின் பிணக்கூறாய்வுப் பதிவேடுகளை ஆராய்ந்து 1959இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். இதயத் தமனி நோய் சீனரைவிட இந்தியரிடம் பன்மடங்கு மிகுந்திருந்ததை அது காட்டியது. அதற்கான காரணம் பல்லாண்டு தேடப்பட்டது. 1991இல் இலண்டனில் மெக்கீக் குழுவினர் தெற்காசிய மரபினரை ஐரோப்பியரோடு ஒப்பிட்டபோது, மொத்தக் கொலஸ்ட்ரால் அளவு வேறுபாட்டை விளக்கவில்லை. இடைப்பருமனும், இன்சுலின் இணங்காமையும், டிரைகிளிசரைடு மிகுதியும், எச்டிஎல் குறைவுமே முன்னின்றன. ரீவன் கட்டிய அதே தொகுதி. 2004இல் உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு, ஆசிய மக்களுக்கு உடல் நிறை எண் 25 அன்று, 23 என்னும் அளவிலேயே விழிப்புத் தேவை என்று அறிவுறுத்தியது. தெற்காசிய மரபினர்க்கு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்பது இடைச்சுற்றின் எல்லையாக வைக்கப்பட்டது. பார்வைக்கு ஒல்லியானவரே இவ்வெல்லையைக் கடந்திருக்கக் கூடும். 'அவருக்கா கொழுப்பு? குச்சி மாதிரி இருக்கிறாரே' என்னும் வியப்பும், முன்னர்க் கண்ட வசையும் ஒரே சொல்மயக்கத்தின் இரு முகங்கள்.

ஆசிரியர்கள் வகுப்பில் எச்சொல்லை வழங்குவது என்னும் வினா எஞ்சுகிறது. 'லிப்பிட்' என்பதற்கு 'கொழுமியம்' என்றோர் ஆக்கம் உண்டு. கொழுமையின் அடியாகப் பிறந்தது. கொழுப்பின் வசைப்பொருள் அதில் ஒட்டவில்லை. கொலஸ்ட்ராலும் டிரைகிளிசரைடும் கொழுமியத்தின் வகைகள் என்று சொன்னால் மாணவர்க்கு மயக்கமும் நீங்கும். பாடநூலில் அதனை ஆள்வதே நம் பரிந்துரை. ஆனால் கிளினிக்கில் வரிசையில் அமர்ந்திருக்கும் மூதாட்டியிடம் கொழுமியம் என்றால் விளங்காது. அங்குக் கொலஸ்ட்ரால் என்றே சொல்லலாம், கடன்சொல்லில் பழியில்லை. நாம் தயங்குவது 'நல்ல கொலஸ்ட்ரால், கெட்ட கொலஸ்ட்ரால்' என்னும் புதுவழக்கைப் பற்றியே. இரண்டிலும் இருப்பது ஒரே கொலஸ்ட்ரால். ஏறிச்செல்லும் ஊர்திகள்தாம் வேறு. அவற்றுக்கு எல்டிஎல், எச்டிஎல் என்னும் பெயர்கள் சோதனைத் தாளிலேயே அச்சாகியிருக்கின்றன; அப்படியே வாசிக்கக் கற்பிக்கலாம்.